முள்முடியும் மணிமுடியும்: 1649ஆம் ஆண்டின் செதுக்குப்படம் ஒன்றின் உருவகப் பொருள்

சீர்திருத்தத் திருச்சபைகளின் வரலாற்றை எழுதுவோர் அருளுரைகளையும் விசுவாச அறிக்கைகளையும் சங்கத் தீர்மானங்களையுமே பெரும்பாலும் சான்றுகளாகக் கொள்வர். படங்களைச் சான்றாகக் கொள்வோர் மிகச் சிலர். ஆலயச் சுவர்களிலிருந்து உருவங்களை அகற்றிய ஒரு மரபின் வரலாற்றைப் படங்களைக் கொண்டு எவ்வாறு எழுத இயலும் என்னும் ஐயமே இதற்குக் காரணமாகலாம். ஆயினும் பதினேழாம் நூற்றாண்டில், ஆலயத்தினின்று வெளியேற்றப்பட்ட உருவம் அச்சு நூலின் முகப்பேட்டின் வழியாக விசுவாசிகளின் இல்லங்களுக்குள் நுழைந்தது. அங்கே அது தனிமையில், ஜெப வேளையில், கையடக்கமாக வைத்துப் பார்க்கப்பட்டது. சுவரோவியத்தைவிட அதன் செல்வாக்கு குறைந்ததாக இருக்கவில்லை.

அத்தகைய படங்களுள் ஒன்றை இக்கட்டுரை ஆராய்கிறது. இங்கிலாந்து மன்னர் முதலாம் சார்லஸ் தலைவெட்டுண்டு இறந்த நாளையொட்டி வெளிவந்த ‘எய்கோன் பசிலிக்கே’ என்னும் நூலின் முகப்பில் அமைந்த செதுக்குப்படம் அது. வில்லியம் மார்ஷல் என்பவர் அதனைச் செப்புத்தகட்டில் செதுக்கினார். நூலின் கிரேக்கப் பெயருக்கு ‘அரச உருவம்’ என்பது பொருள். ‘எய்கோன்’ என்னும் இச்சொல் நமக்குப் புதிதன்று. ஆதியாகமத்தின் கிரேக்க மொழிபெயர்ப்பில் மனிதன் கடவுளின் சாயலாகப் படைக்கப்பட்டதைக் கூறுமிடத்திலும், கிறிஸ்துவை அதரிசனமான கடவுளின் தற்சுரூபம் எனப் பவுல் கூறுமிடத்திலும் (கொலோ. 1:15), இராயனின் நாணயத்திலிருந்த சொரூபத்தைப் பற்றி இயேசு வினவுமிடத்திலும் (மத். 22:20) இதே சொல் வருகிறது. ஆகவே நூலின் பெயரே ஓர் இறையியல் வினாவை எழுப்புகிறது. மன்னரின் உருவத்தை இறைமக்கள் எந்த நோக்கோடு காணவேண்டும்?

1. வரலாற்றுப் பின்னணி

சார்லஸ் 1625ஆம் ஆண்டில் அரியணை ஏறினார். மன்னரின் அதிகாரம் கடவுளிடமிருந்து நேரே வருவது என்பதும், அதனைக் குறித்து அவர் கடவுள் ஒருவருக்கே கணக்கு ஒப்புவிக்கக் கடமைப்பட்டவர் என்பதும் தம் தந்தை முதலாம் ஜேம்சிடமிருந்து அவர் பெற்ற கொள்கைகள். 1629 முதல் 1640 வரை பாராளுமன்றத்தைக் கூட்டாமலே அவர் ஆண்டார். 1633இல் காண்டர்பரியின் பேராயரான வில்லியம் லாட் வழிபாட்டில் வற்புறுத்திய ஒழுங்குகள், பியூரிட்டன்களுக்கு ரோமாபுரியை நோக்கித் திரும்பும் வழியாகத் தோன்றின. 1637இல் புதிய ஜெப நூலொன்றை ஸ்காட்லாந்துத் திருச்சபையின்மேல் சுமத்த முயன்றது கிளர்ச்சியில் முடிந்தது. 1642இல் உள்நாட்டுப் போர் மூண்டது. 1646இல் மன்னர் ஸ்காட்லாந்துப் படையிடம் சரண் புகுந்தார். காவலில் இருந்தபடியே அவர் செய்துகொண்ட உடன்பாட்டால் 1648இல் இரண்டாம் முறை போர் எழுந்தது.

அவ்வாண்டின் வசந்த காலத்தில் பாராளுமன்றப் படையின் அதிகாரிகள் விண்ட்சர் கோட்டையில் ஜெபத்துக்கெனக் கூடினர். திருமறையை வாசித்து, தங்களைச் சோதித்தறிந்து, கண்ணீரோடு ஜெபித்தபின் அவர்கள் ஒரு முடிவுக்கு வந்தனர். மன்னர் இரத்தப்பழி சுமந்தவர், சிந்தின இரத்தத்துக்கு அவர் கணக்குக் கொடுக்கவேண்டும் என்பதே அம்முடிவு. குற்றமற்ற இரத்தத்தால் தீட்டுப்பட்ட தேசம், அதனைச் சிந்தினவனின் இரத்தத்தாலன்றிச் சுத்திகரிக்கப்படாது என்னும் எண்ணாகமப் பகுதி (35:33) அக்காலத்துப் படைமுகாம்களின் அருளுரைகளில் ஓங்கி ஒலித்தது. 1649 ஜனவரியில் வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தில் நடந்த விசாரணையில் அந்நீதிமன்றத்தின் அதிகாரத்தை ஏற்க மறுத்து, குற்றச்சாட்டுக்கு மறுமொழி கூறவும் சார்லஸ் மறுத்துவிட்டார். மரணதண்டனை ஆணையில் 59 பேர் கையொப்பமிட்டனர்.

ஜனவரி 30ஆம் நாள் காலையில் இலண்டன் பேராயர் வில்லியம் ஜக்சன் மன்னருக்காக வழிபாடு நடத்தினார். வாசிக்கப்பட்ட பகுதி மத்தேயு 27ஆம் அதிகாரம். தமக்கெனவே பேராயர் அதனைத் தெரிந்தெடுத்தாரோ என மன்னர் கேட்டதாகவும், ஜெப நூலின் அட்டவணைப்படி அந்நாளுக்குரிய பாடம் அதுவே எனப் பேராயர் விடையளித்ததாகவும், மன்னருக்கு ஊழியஞ்செய்த சர் தாமஸ் ஹெர்பர்ட் பிற்காலத்தில் எழுதிவைத்தார். மன்னரின் மரணத்தைக் கிறிஸ்துவின் பாடுகளின் ஒளியில் காணும் நோக்கு அக்காலையிலேயே உருவாகத் தொடங்கியது என்பதற்கு இக்குறிப்பு சான்றாகும். மேடையின்மீது நின்று, அழிவுள்ள முடியை விட்டு அழிவில்லாத முடியைப் பெறப் போவதாக மன்னர் கூறினார். 1 கொரிந்தியர் 9:25இன் சாயல் அச்சொற்களில் தெளிவாக உள்ளது. கூடியிருந்தோரில் சிலர் அவருடைய இரத்தத்தில் துணிகளைத் தோய்த்து எடுத்துச் சென்றனர்.

இந்நிலையிலேதான் ‘எய்கோன் பசிலிக்கே’ வெளிவந்தது. அந்த ஓராண்டுக்குள் இங்கிலாந்தில் மட்டும் ஏறத்தாழ 35 பதிப்புகள் அச்சாயின. இலத்தீன், பிரெஞ்சு, டச்சு, ஜெர்மன் முதலிய மொழிகளிலும் அது பெயர்க்கப்பட்டது. மன்னரே தன்மை இடத்தில் பேசுவதாகவும், ஒவ்வோர் அதிகாரத்தின் முடிவிலும் ஜெபிப்பதாகவும் நூல் அமைந்துள்ளது. அதனைத் தாமே எழுதியதாக ஜான் காடன் என்னும் குருவானவர் 1660க்குப்பின் உரிமை கோரினார். மன்னர் எழுதிவைத்த சில குறிப்புகளைக் கொண்டு காடன் அதனை உருவாக்கினார் என்பதே இன்று ஆய்வாளர் பலரின் கருத்து. நூலை வாசித்தோர் அதில் மன்னரின் குரலையே கேட்டனர். நூலைத் திறந்தவுடன் மார்ஷலின் படம் அக்குரலுக்கு ஓர் உருவம் அளித்தது.

2. செதுக்குக்கலையும் சின்னப்பட மரபும்

செப்புத்தகட்டில் கூரிய உளியால் கோடுகளைக் கீறி, அக்கோடுகளில் மையை நிரப்பி, மேற்பரப்பைத் துடைத்து, ஈரப்படுத்திய தாளை அதன்மேல் வைத்து உருளைகளுக்கிடையே அழுத்தி எடுப்பது செதுக்குப்படத்தின் முறை. ஒரு தகட்டிலிருந்து பல நூறு படிகள் எடுக்கலாம். ஆயினும் செம்பு மென்மையான உலோகமாதலால் கோடுகள் விரைவில் தேய்ந்துபோகும். ‘எய்கோன் பசிலிக்கே’யின் படம் மீண்டும் மீண்டும் புதிதாகச் செதுக்கப்பட்டது. மார்ஷல் தாமே பல தகடுகளைச் செய்தார். வென்செஸ்லாஸ் ஹோலர் போன்ற புகழ்பெற்ற கலைஞரும் அதனைத் தழுவிச் செதுக்கினர். தகடுகள் தேய்ந்தமையே அப்படத்துக்கு இருந்த வேட்கையை எடுத்துக்காட்டுகிறது.

அக்காலத்தில் ஐரோப்பாவெங்கும் ‘எம்பிளம்’ எனப்பட்ட சின்னப்படங்கள் பெரிதும் விரும்பப்பட்டன. 1531இல் இத்தாலியச் சட்ட அறிஞர் அல்சியாட்டோவின் நூலோடு இவ்வகை தொடங்கியது எனலாம். மேல்வாசகம், படம், விளக்கச் செய்யுள் ஆகிய மூன்றும் சேர்ந்ததே ஒரு சின்னப்படம். மேல்வாசகம் புதிரைப் போடும், படம் அதனைக் காட்டும், செய்யுள் அதனை விடுவிக்கும். மூன்றில் ஒன்றை நீக்கினாலும் பொருள் குறைவுபடும்.

1635இல் இங்கிலாந்தில் இரண்டு சின்னப்பட நூல்கள் வெளிவந்தன. ஒன்று பிரான்சிஸ் குவார்ல்ஸ் என்பவருடையது. மற்றது ஜார்ஜ் விதர் என்பவருடையது. இரண்டிலும் மார்ஷலின் கைவேலை உண்டு. குவார்ல்ஸ் தம் நூலின் படங்களைப் பெரும்பாலும் இயேசு சபையாரின் நூல்களிலிருந்தே எடுத்தார். அவற்றுள் முதன்மையானது ஹெர்மன் ஹூகோ 1624இல் ஆண்ட்வெர்ப் நகரில் வெளியிட்ட தியான நூல். உள்நாட்டுப் போரில் குவார்ல்ஸ் மன்னரின் பக்கமும் விதர் பாராளுமன்றத்தின் பக்கமும் நின்றனர். இதிலிருந்து இரண்டு உண்மைகள் விளங்குகின்றன. சின்னப்படத்தின் மொழி, கத்தோலிக்கர்க்கும் சீர்திருத்தத்தார்க்கும் பொதுவாக இருந்தது. அரசியலில் எதிரெதிரே நின்றோரும் அதனை ஒருங்கே அறிந்திருந்தனர். ஆகையால் மார்ஷல் தம் படத்தில் ஒரு பனைமரத்தையும் ஒரு பாறையையும் வரைந்தபோது, இரு கட்சியினரும் அவற்றின் பொருளை உடனே கண்டுகொண்டிருப்பர்.

பரோக் காலக் கலையின் பொதுவான இயல்பும் இங்குக் கருதத்தக்கது. காண்போரின் உள்ளத்தை அசைப்பதே அக்கலையின் நோக்கம். இருளையும் ஒளியையும் எதிரெதிரே நிறுத்துவதும், விண்ணைத் திறந்து காட்டுவதும், காட்சியை நாடகமேடைபோல் அமைப்பதும் அதன் வழிகள். இலண்டனில் வைட்ஹால் அரண்மனையின் விருந்து மண்டபக் கூரையில், ஜேம்ஸ் மன்னர் விண்ணுக்கு உயர்த்தப்படும் காட்சியை ரூபன்ஸ் தீட்டியிருந்தார். சார்லஸ் 1636இல் அமைத்த ஓவியங்கள் அவை. தண்டனை நாளன்று அதே மண்டபத்தின் வழியாகத்தான் அவர் வெளியே மேடைக்குச் சென்றார். ரூபன்ஸ் வண்ணத்தில் ஜேம்சுக்குச் செய்ததை, மார்ஷல் கறுப்பு மையில் சார்லசுக்குச் செய்தார். ஆனால் வெற்றி ஊர்வலத்தின் இடத்தில் பாடுகளை வைத்தார்.

3. படத்தில் காணப்படுவன

படம் இரண்டு பகுதிகளாக அமைந்துள்ளது. இடப்புறம் திறந்தவெளி. கரையில் ஒரு பனைமரம் நிற்கிறது. அதில் கனத்த எடைகள் தொங்குகின்றன. பாரத்தின்கீழ் நற்பண்பு வளரும் எனும் கருத்துள்ள இலத்தீன் வாசகம் அதனருகே உள்ளது. அப்பால் கொந்தளிக்கும் கடல். நடுவே ஒரு பாறை. காற்றும் அலையும் அதனை மோதுகின்றன. அசைக்கப்படாமல் வெற்றிகொள்வது என்னும் பொருளில் அதற்கும் ஒரு வாசகம் உண்டு. மேலே இருண்ட மேகங்கள். அவற்றினின்று ஓர் ஒளிக்கதிர் புறப்பட்டு மன்னரின் தலையைத் தொடுகிறது. இருளிலிருந்து அவர் மேலும் ஒளிபெற்றுத் திகழ்வதாக அக்கதிரின் வாசகம் கூறுகிறது.

வலப்புறம் தூண்களையுடைய ஓர் ஆலயத்தின் உட்பகுதி. அரச உடையணிந்த சார்லஸ் மேசையொன்றின் முன் முழங்காற்படியிட்டிருக்கிறார். மேசையின்மேல் திறந்த நூல். கடவுளின் வார்த்தையே தம் நம்பிக்கை என்னும் கருத்து அங்கே பொறிக்கப்பட்டுள்ளது. அவருடைய வலக்கையில் முள்முடி. அதில் ‘கிருபை’ என எழுதியிருக்கிறது. காலடியில் அவருடைய மணிமுடி கிடக்கிறது. அதில் ‘மாயை’ என எழுதியிருக்கிறது. அவருடைய கண்களினின்று எழும் ஒரு கோடு மேல்நோக்கிச் சென்று, விண்ணில் ஒளிரும் மூன்றாம் முடியை அடைகிறது. அதில் உள்ள சொல் ‘மகிமை’. படத்தின்கீழ், அல்லது அதற்கு எதிர்ப்பக்கத்தில், இச்சின்னங்களை விளக்கும் செய்யுள் இலத்தீனிலும் ஆங்கிலத்திலும் அச்சிடப்பட்டது.

4. பனையும் பாறையும்

பனைமரச் சின்னத்தின் மூலம் திருமறையன்று. பனையின் மரத்துண்டின்மேல் பாரம் ஏற்றினால் அது கீழே வளையாமல் பாரத்தை எதிர்த்து மேலே எழும்பும் எனப் பண்டைய எழுத்தாளர் நம்பினர். இரண்டாம் நூற்றாண்டு உரோமர் ஆலஸ் கெல்லியஸ், அரிஸ்டாட்டிலையும் புளூட்டார்க்கையும் சான்று காட்டி இதனை எழுதிவைத்தார். மரத்துண்டைப் பற்றிய இந்நம்பிக்கை சின்னப்பட நூல்களில் உயிருள்ள மரத்தின்மேல் ஏற்றப்பட்டது. இதனோடு 92ஆம் சங்கீதத்தின் உவமையும் இணைந்தது. அச்சங்கீதத்தில் நீதிமான் பனைக்கு ஒப்பிடப்படுகிறான் (வச. 12). எபிரேய மூலம் குறிப்பது பேரீச்ச மரத்தையே என்பதை வாசகர் அறிவர். சங்கீதத்தின் பனை ஆண்டவருடைய ஆலயத்தில் நாட்டப்பட்டு, முதிர்வயதிலும் கனி தருகிறது. பாரம் பற்றிய சொல் அதில் இல்லை. மார்ஷலின் பனையோ பாரம் சுமக்கிறது. சங்கீதத்தின் நீதிமானும் பண்டை உலகின் வீரனும் இங்கே ஓர் உருவில் இணைக்கப்பட்டுள்ளனர்.

பாறைச் சின்னமும் அத்தகையதே. அலைகளுக்கிடையே அசையாத பாறையை உறுதிக்கு உவமையாக வெர்ஜில் தம் காவியத்தில் பாடினார். மார்க்கஸ் அவுரேலியஸ் தம் சிந்தனைகளில் எழுதினார். நெதர்லாந்து அறிஞர் யுஸ்டஸ் லிப்சியஸ் 1584இல் உறுதியைக் குறித்து வெளியிட்ட நூல், ஸ்தோயிக்கரின் போதனையைக் கிறிஸ்தவ உலகில் மீண்டும் பரப்பியது. ஸ்தோயிக்க ஞானி துன்பத்தால் தீண்டப்படாதவன். கெத்செமனேயில் இயேசுவோ வியாகுலப்பட்டார், மரணத்துக்கேதுவான துக்கங்கொண்டார், தம் சீடர்களைத் தம்மோடு விழித்திருக்கும்படி வேண்டினார். ஆகவே படத்தின் இடப்பகுதி காட்டும் மனிதனும் வலப்பகுதி காட்டும் மனிதனும் முழுதும் ஒருவரல்லர். பாறைக்கு ஜெபம் தேவையில்லை. ஜெபிக்கிறவர் பாறையல்லர். இவ்விரண்டையும் ஒரே காட்சியில் அமைத்ததால், அசையாத வேந்தனையும் பாடனுபவித்த தாசனையும் பார்வையாளர் ஒருவராகவே ஏற்றுக்கொள்கின்றனர்.

5. மூன்று முடிகள்

படத்தின் மையம் மூன்று முடிகளே. மணிமுடி பளபளப்பானது, ஆயினும் பாரமானது. முள்முடி கரடுமுரடானது, ஆயினும் இலேசானது. மகிமையின் முடி பேறுடையது, நித்தியமானது என வாசகங்கள் விளக்குகின்றன. இதன் பின்னணியில் வேதவசனங்கள் பல உள்ளன. கிறிஸ்துவின் சுமை இலகுவானது (மத். 11:30). இலேசான உபத்திரவம் நித்திய கனமகிமையை உண்டாக்குகிறது (2 கொரி. 4:17). மரணபரியந்தம் உண்மையாயிருப்பவனுக்கு ஜீவகிரீடம் வாக்களிக்கப்பட்டுள்ளது (வெளி. 2:10). இவற்றை மார்ஷல் திறமையாகப் பின்னியிருக்கிறார். பார்வையாளரின் கண் காலடியிலிருந்து கைக்கும், கையிலிருந்து விண்ணுக்கும் ஏறுகிறது. மாயை, கிருபை, மகிமை என்னும் மூன்று படிகள், இரட்சிப்பின் ஒழுங்கையே நினைவூட்டுவன.

முள்முடியை மன்னருக்கு உரியதாக்கும் சிந்தனை 1649இல் திடீரென எழுந்ததன்று. ஜேம்ஸ் மன்னர் 1620இல் வெளியிட்ட ஒரு தியானநூலில், மத்தேயு 27ஆம் அதிகாரத்தில் படைவீரர்கள் இயேசுவைப் பரியாசம்பண்ணும் மூன்று வசனங்களுக்கு விளக்கம் எழுதினார். அரசர்களின் முடிசூட்டுக்கு அப்பகுதி ஒரு முன்மாதிரி என்பது அவர் கருத்து. அந்நூலைத் தம் மகன் சார்லசுக்கே அவர் அர்ப்பணித்தார். தந்தை மகனுக்கு எழுத்தில் அளித்த முள்முடி, இருபத்தொன்பது ஆண்டுகளுக்குப்பின் படத்தில் அவருடைய கைக்கு வந்து சேர்ந்தது.

6. திருமறைப் பகுதியும் படமும்

உருவகப் படத்தை விளக்குவோர் பெரும்பாலும் இத்தகைய அகராதியோடு நின்றுவிடுவர்: பனை பொறுமை, பாறை உறுதி, முள்முடி பாடுகள். இது தேவையான பணியே. ஆனால் தொடக்கநிலைப் பணி. படம் தான் சார்ந்திருக்கும் திருமறைப் பகுதியை எவ்விடத்தில் மாற்றுகிறது என்பதைக் கண்டறியும்போதுதான் அதன் நோக்கம் வெளிப்படும்.

மத்தேயு 27:28,29ஐ எடுத்துக்கொள்வோம். அங்கே முள்முடியைப் பின்னியவர்கள் படைவீரர்கள். அவர்களே அதனை இயேசுவின் சிரசின்மேல் வைத்தனர். அவருடைய வலக்கையில் இருந்தது ஒரு கோல். முழங்காற்படியிட்டவர்களும் அவர்களே, அது பரியாசம். மார்ஷலின் படத்தில் முழங்காற்படியிடுபவர் மன்னர், அது பக்தி. முள்முடி அவருடைய சிரசின்மேல் இல்லை, வலக்கையில் உள்ளது. பிறர் அதனைச் சூட்டவில்லை, அவரே எடுத்துக்கொள்கிறார். சுவிசேஷத்தில் இயேசுவின் ஆடைகளை உரிந்து சிவப்பு அங்கி உடுத்துகின்றனர். படத்தில் மன்னரின் அரச உடை அப்படியே இருக்கிறது. லூக்கா கூறும் ஒலிவமலைக் காட்சியின் முழங்கால் ஜெபமும் (லூக். 22:41), மத்தேயு கூறும் தேசாதிபதியின் அரண்மனைக் காட்சியின் முள்முடியும் இங்கே ஒன்றாகக் கலந்துள்ளன. இக்கலப்பினால் அவமானம் நீங்கிவிடுகிறது. தன்னிச்சையான அர்ப்பணம் மட்டும் எஞ்சுகிறது.

இதனினும் முக்கியமான மாற்றம், படத்தில் வேறெந்த மனிதரும் இல்லாமை. படைவீரர் இல்லை, நீதிபதிகள் இல்லை, கொலைமேடை இல்லை. இரு போர்களிலும் மாண்ட பல்லாயிரம் உழவரும் கைவினைஞரும் இல்லை. அவர்களுடைய விதவைகளும் இல்லை. பகைமை முழுவதும் காற்றாகவும் அலையாகவும் பாரமாகவும் மாற்றப்பட்டிருக்கிறது. காற்றிடம் அதன் நியாயத்தை எவரும் கேட்பதில்லை. மன்னர்மேல் சுமத்தப்பட்ட இரத்தப்பழிக்கு அப்படம் மறுமொழி கூறவில்லை. அவ்வழக்கே தோன்றமுடியாத ஓர் உலகை அது படைத்துவிட்டது. எண்ணாகமத்தைக் கையிலேந்திய படையினர் மன்னரில் கொலைப்பழி சுமந்தவனைக் கண்டனர். மத்தேயுவைக் கையிலேந்திய மன்னரின் கட்சியார் அவரில் பாடுபடும் நீதிமானைக் கண்டனர். ஒரே வேதத்தின் இரு உருவங்கள் ஒரு மனிதனின் உடலின்மேல் போரிட்டன எனலாம்.

இதனால் சார்லசின் பக்தி பொய்யானது என முடிவுசெய்தல் நேர்மையாகாது. பேராயர் ஆட்சிமுறையைக் கைவிட்டிருந்தால் தம் நிலை எளிதாகியிருக்கும் எனத் தெரிந்தும், தம் மனச்சாட்சிக்கு விரோதமாக அதனைக் கைவிட அவர் மறுத்தார். அமைதியோடும் துணிவோடும் அவர் மரித்தார் என எதிரிகளும் ஒப்புக்கொண்டனர். உண்மையான பக்தியும் அரசியல் நோக்கும் ஒரே படத்தில் கலந்திருக்கக்கூடும் என்பதே அதனை விளக்குவதை அரிதாக்குகிறது.

7. மில்ட்டனின் மறுப்பு

புதிய குடியரசின் ஆட்சிமன்றம், அந்நூலுக்கு மறுப்பு எழுதும் பணியைத் தன் செயலாளர்களுள் ஒருவரான கவிஞர் ஜான் மில்ட்டனிடம் ஒப்படைத்தது. 1649 அக்டோபரில் அவருடைய ‘எய்கோனோகிளாஸ்டஸ்’, அதாவது ‘உருவத்தை உடைப்பவன்’, வெளிவந்தது. உருவ வணக்கத்தை எதிர்த்து உருவங்களை உடைத்த பண்டைக் கிரேக்கப் பேரரசர்களின் பட்டப்பெயரைத் தாம் எடுத்துக்கொண்டதாக அவர் முகவுரையில் விளக்கினார். மார்ஷலின் கைவேலையை மில்ட்டன் முன்பே அறிந்தவர். 1645இல் வெளியான அவருடைய கவிதைத் தொகுதிக்கு மார்ஷல் செதுக்கிய உருவப்படம் அவருக்குப் பிடிக்கவில்லை. அதனைப் பழிக்கும் கிரேக்கச் செய்யுளொன்றை இயற்றி, கிரேக்கம் அறியாத மார்ஷலைக் கொண்டே படத்தின்கீழ்ப் பொறிக்கச் செய்தார்.

முகப்புப்படத்தைப் பற்றி மில்ட்டன் கூறிய குற்றச்சாட்டு கூர்மையானது. அரண்மனையில் நடைபெற்ற முகமூடி நாடகங்களின் காட்சியமைப்பே அது என்றும், பேதைகளைக் கவர்வதற்காக முன்னே வைக்கப்பட்டது என்றும் அவர் இடித்துரைத்தார். இது வெறும் வசையன்று. 1640 ஜனவரியில் அரண்மனையில் அரங்கேறிய முகமூடி நாடகத்தில், புயலோடு தொடங்கும் கதையில், குடிகளின் கலகத்தைப் பொறுமையால் வெல்லும் வேந்தனாகச் சார்லசே நடித்திருந்தார். மில்ட்டன் மற்றொன்றையும் வெளிப்படுத்தினார். நூலின் சில பதிப்புகளில் மன்னரின் ஜெபமாகச் சேர்க்கப்பட்டிருந்த ஒன்று, சர் பிலிப் சிட்னியின் ‘ஆர்க்கேடியா’ என்னும் கதைநூலில் ஒரு பெண்பாத்திரம் கூறும் ஜெபமே என அவர் காட்டினார்.

வாதங்கள் வலியனவாயிருந்தும் மில்ட்டனின் நூல் மக்களிடையே பரவவில்லை. முகப்புப்படம் தொடர்ந்து அச்சானது. 1660இல் முடியாட்சி மீண்டபோது மில்ட்டனின் நூல் அரச ஆணையால் எரிக்கப்பட்டது. ஆலயங்களில் உருவங்களை உடைக்கப் பாராளுமன்றம் 1643, 1644 ஆண்டுகளில் சட்டங்கள் இயற்றியிருந்தது. வில்லியம் டவ்சிங் போன்றோர் கேம்பிரிட்ஜ், சஃபோக் பகுதிகளின் ஆலயந்தோறும் சென்று கண்ணாடி ஓவியங்களை நொறுக்கினர். கண்ணாடியை நொறுக்கச் சுத்தியல் போதுமானதாயிருந்தது. உள்ளத்தில் பதிந்த உருவத்தைப் பகுத்தறிவு வாதத்தால் மட்டும் அகற்ற இயலவில்லை.

8. படம் வழிபாடாக மாறுதல்

1662ஆம் ஆண்டின் பொது ஜெப நூலோடு, ஜனவரி 30ஆம் நாளுக்கெனத் தனி வழிபாட்டு முறைமையும் இணைக்கப்பட்டது. அந்நாள் உபவாச நாளாக ஆசரிக்கப்பட்டது. காலை ஜெபத்தின் இரண்டாம் பாடம் மத்தேயு 27. திருவிருந்து ஆராதனையின் நிருபம், அரசனுக்குக் கீழ்ப்படியும்படி கூறும் 1 பேதுரு 2ஆம் அதிகாரப் பகுதி. சுவிசேஷம், திராட்சத்தோட்டத்துக் கொடிய குத்தகைக்காரரின் உவமை (மத். 21:33-41). அவ்வுவமையில் தோட்டத்துக்குப் புறம்பே கொல்லப்படும் குமாரனின் இடத்தில் சபையார் எவரை நினைத்திருப்பர் என்பது வெளிப்படை. மார்ஷல் செம்பில் கீறியதைத் திருச்சபை தன் பாட அட்டவணையில் எழுதிக்கொண்டது. ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள் ஆண்டுதோறும் அந்நாளில் அருளுரைகள் நிகழ்ந்தன. அவற்றுள் பல, ஆளுவோரை எதிர்ப்பது கடவுளை எதிர்ப்பது என்னும் போதனைக்கே பயன்பட்டன. 1859இல் விக்டோரியா அரசியின் ஆணையால் அம்முறைமை ஜெப நூலினின்று நீக்கப்பட்டது. ஆயினும் இங்கிலாந்துத் திருச்சபையின் இன்றைய நாட்காட்டியில் சார்லசின் நினைவுநாள் இடம்பெற்றுள்ளது.

9. ஊழியத்துக்குரிய சிந்தனைகள்

இப்படத்தின் ஆராய்ச்சியிலிருந்து, அருளுரையாற்றுவோரும் வேதமாணவரும் கருதத்தக்க சில முடிவுகளைக் கூறலாம்.

முதலாவது, உருவகப் படத்தை நோக்கிக் கேட்கவேண்டிய வினாக்கள் மூன்று. சின்னங்கள் எங்கிருந்து வந்தன? தம் மூலத்தை அவை எவ்விடத்தில் மாற்றுகின்றன? காட்சியினின்று எவர் நீக்கப்பட்டுள்ளனர்? முதல் வினாவோடு நின்றுவிட்டால், படம் எதைச் சொல்ல விரும்பியதோ அதையே நாமும் திருப்பிச் சொல்வோம். இம்மூன்று வினாக்களும் படத்துக்கு மட்டுமல்ல, முன்னடையாள முறையில் பழைய ஏற்பாட்டை விளக்கும் நம் அருளுரைகளுக்கும் பொருந்துவன. யோசேப்பையோ தாவீதையோ நம் காலத்துத் தலைவர் ஒருவருக்கு ஒப்பிடும் அருளுரையாளர், அவ்வொப்புமைக்காக எதை நீக்குகிறார் எனத் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டும். நாத்தானும் உரியாவும் நீக்கப்பட்ட தாவீது எந்த ஆட்சியாளருக்கும் எளிதில் பொருந்துவார்.

இரண்டாவது, துன்புறும் மனிதரில் கிறிஸ்துவைக் காண்பது திருச்சபைக்கு விலக்கப்பட்டதன்று. பவுல் தம் உபத்திரவங்களைக் கிறிஸ்துவின் உபத்திரவங்களோடு இணைத்தே பேசுகிறார் (கொலோ. 1:24). ஆனால் மத்தேயு 25ஆம் அதிகாரத்தின் நியாயத்தீர்ப்புக் காட்சியைக் கவனிக்கவேண்டும். அங்கே பசியுள்ளோரும் காவலிலிருப்போரும் தங்களைக் கிறிஸ்துவின் உருவமாகக் காட்டிக்கொள்ளவில்லை. அவர்களுக்கு உதவினோரும் அதனை அறிந்திருக்கவில்லை. அவ்வொப்புமையைச் செய்பவர் மகிமையின் சிங்காசனத்தில் வீற்றிருக்கும் மனுஷகுமாரன் ஒருவரே. முள்முடியை ஒருவர் தம் கையால் எடுத்துக்கொள்வதற்கும், கிறிஸ்து அவரைத் தம்மோடு ஒன்றாக எண்ணுவதற்கும் இடையே உள்ள வேறுபாடு பெரிது. அரசருக்கு மட்டுமன்று, பேராயருக்கும் ஆயருக்கும் சபைத் தலைவருக்கும் இது எச்சரிக்கை. நம்மீது நியாயமான குறை கூறப்படும்போது, அதனைப் பாடுகளாகவும் கூறியவர்களைப் பிலாத்துவின் படைவீரராகவும் உருவகப்படுத்திக்கொள்ளும் சோதனை ஊழியத்தில் எளிதில் வருகிறது.

மூன்றாவது, உருவங்களை நீக்கிவிட்டோம் என எண்ணும் திருச்சபை, உருவங்களைப் பகுத்தாராயும் பயிற்சியை இழந்துவிடக் கூடாது. பியூரிட்டன்கள் கண்ணாடிகளை உடைப்பதில் காட்டிய ஊக்கத்தை, மக்கள் தம் கையில் வைத்து ஜெபித்த சிறு படத்தை விளக்கிக் காட்டுவதில் காட்டியிருந்தால் பயன் வேறாயிருக்கலாம். சுவரொட்டியும் நாட்காட்டிப் படமும் தேர்தல் சின்னமும் நிறைந்த சூழலில் வாழும் நம் சபையாருக்கு அப்பயிற்சியை அளிப்பது போதகரின் பொறுப்புகளுள் ஒன்று.

இராயனின் நாணயத்தை வாங்கிப் பார்த்தபோது இயேசு அதனை உடைக்கவுமில்லை, வணங்கவுமில்லை. அதிலுள்ள சொரூபத்தையும் மேலெழுத்தையும் குறித்து வினவினார். அதை வைத்திருந்தவர்களே விடைகூறும்படி செய்தார். பின்பு இராயனுக்குரியது எது, கடவுளுக்குரியது எது எனப் பிரித்தறியும் கடமையை அவர்களிடமே ஒப்புவித்தார். உருவத்தையும் வாசகத்தையும் ஒருங்கே தாங்கிய 1649ஆம் ஆண்டின் செதுக்குப்படத்துக்கு முன்னும் நாம் செய்யத்தக்கது அதுவே. காலடியிலுள்ள மணிமுடி சார்லசுக்குரியது. விண்ணிலுள்ள முடியைக் கொடுப்பதும் கொடாதிருப்பதும் கடவுளின் தீர்ப்பு. கையிலிருக்கும் முள்முடி எவருக்குரியது என்பதைச் சபையாருக்குத் தெளிவாகச் சொல்லும் கடமை, அன்றைய அருளுரையாளருக்கு இருந்தது போலவே இன்று நமக்கும் உண்டு.